மலைச் சைட்டில் இடித்த கழிவு நகரவில்லையா? எங்கே பார்க்க வேண்டும்

குன்னூர், கேத்தி, கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலைகளில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். முதலில் கொத்தனார், பிறகு மேஸ்திரி, இப்போது சைட் சூப்பர்வைசர். சிமெண்ட் விலையைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. இடித்துப் போட்டதை என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் என் நோட்டில் வேலை நின்றுபோன நாட்களைப் புரட்டிப் பார்த்தால் மழைக்கு அடுத்த காரணம் இந்த ரப்பீஸ்தான்.

கோயம்புத்தூரில் வாசலிலேயே டிராக்டர் நிற்கும், அள்ளிப் போட்டால் ஆயிற்று. இங்கே வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே அறுபது படி. அதனால் கீழே உள்ளவர்கள் சொல்லும் வழி பாதிக்கு மேல் இங்கே எடுபடாது.

உங்கள் சைட்டில் தெரியும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்குள் காசில்லாமல் சரிசெய்யக்கூடியதை முதலிலும், செலவு வைப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். ஒன்றில் சரியாகிவிட்டால் அடுத்ததைத் தொட வேண்டாம். யூனிட் என்று சொல்லும் இடமெல்லாம் 100 கன அடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## காலையில் இடிக்க ஆரம்பித்தால் மதியத்துக்குள் வழி அடைத்துக்கொள்கிறது

குவியல் விழும் இடம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். ஒரு செங்கல் துண்டு சுவரிலிருந்து விழுந்து லாரிக்குப் போகும்வரை எத்தனை முறை தொடப்படுகிறது என்று மட்டும் எண்ணுங்கள். தரையில் விழுகிறது, மண்வெட்டியால் ஒதுக்குகிறார்கள், பாண்டுச் சட்டியில் அள்ளுகிறார்கள், வராந்தாவில் கொட்டுகிறார்கள், அங்கிருந்து சாக்கில் கட்டுகிறார்கள், படி ஏற்றுகிறார்கள், ரோட்டோரம் இறக்குகிறார்கள், மறுபடி லாரிக்குத் தூக்குகிறார்கள். எட்டு முறை. நான்கைத் தாண்டினால் கோளாறு ஆட்களிடம் இல்லை, நீங்கள் குவியலுக்குக் காட்டிய இடத்தில்தான். வராந்தாவில் கொட்டும் வேலையை நிறுத்திவிட்டு இடிக்கிற சுவரின் காலடியிலேயே சாக்கை வைக்கச் சொல்லுங்கள்.

தரை. சுவரை இடிக்கும் முன் அதன் அடியில் ஒரு பழைய தகரத்தை விரித்துவிடுங்கள். பெயர்ந்த தரையில் மண்வெட்டி முட்டி முட்டி நிற்கும், தகரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அள்ளும் நேரம் கண்கூடாகக் குறையும். கூரையிலிருந்து கழற்றிய தகரமே போதும்.

வேகப் பொருத்தம். பிரேக்கர் மெஷின் பிடித்த ஒரு ஆள் இடிப்பதை அள்ளிச் சுமக்க நாலு பேராவது வேண்டும். பல சைட்டில் இரண்டு மெஷின், மூன்று சித்தாள். இதற்கு நான் போட்ட சட்டம்: மதியம் 2 மணிக்கு மேல் யாரும் சம்மட்டியோ மெஷினோ தொடக் கூடாது, இடித்தவரும் சேர்ந்து சுமக்க வேண்டும். பெரியாட்கள் முதல் வாரம் முறைப்பார்கள், பிறகு பழகிவிடும்.

மாடியில் தேங்கினால். இது வழி அடைப்பு மட்டுமல்ல. வீட்டு ஸ்லாப்பைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ வாக்கில் கூடுதல் பாரம் தாங்கும்படிதான் கணக்குப் போடுகிறார்கள். உடைத்த செங்கலை ஓரடி உயரம் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 400 கிலோ வந்துவிடும். மரச் சட்டத்தின் மேல் பலகை அடித்த பழைய பங்களா மாடி என்றால் அந்த 200-ஐக்கூட நம்பாதீர்கள். ஸ்லாப்பின் அடியில் புது விரிசல் தெரிந்தாலோ, சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தாலோ கீழே இருப்பவர்களை வெளியேற்றுங்கள். மேலே ஏறி அள்ள ஆளை அனுப்பும் முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். முட்டுக் கொடுப்பது எங்கே என்று அவர்தான் சொல்ல வேண்டும், நானோ நீங்களோ அல்ல.

## ஆள் இருக்கிறது, கழிவு ரோட்டுக்கு ஏறவில்லை

ரோடு மேலே, வீடு கீழே. நீலகிரியில் பாதி சைட் இப்படித்தான். என்னிடம் அதிகம் பேர் கேட்பதும் இதைத்தான்.

சாக்கை எவ்வளவு நிரப்புகிறார்கள்? முதலில் இதைப் பாருங்கள், ஏனென்றால் இது காசில்லாத வேலை. நான் புதிதாக மேஸ்திரியான காலத்தில் சிமெண்ட் சாக்கை வாய்வரை நிரப்பச் சொல்வேன். நடை குறையும் என்று கணக்கு. அப்போது எங்களோடு இருந்த ஒரு அக்கா சொன்னார்: "தம்பி, நெறச்சுக் குடுத்தா தலைக்கு ஏத்திவிட இன்னொரு ஆள் வேணும். நடுவழியில மூச்சு வாங்க எறக்குனா மறுபடி ஏத்த அங்கயும் ஒரு ஆள் வேணும். பாதி குடு, நானே தூக்கிட்டு நானே போறேன்." அன்றைக்குத்தான் புரிந்தது. பாதி சாக்கு 20 கிலோ சொச்சம். தானே தூக்கி, நிற்காமல் ஏறி, தானே கொட்டிவிட்டு வரலாம். முழுச் சாக்கு ஒவ்வொன்றும் இரண்டு ஆளைக் கட்டிப்போடும்.

படி. எதிரெதிராக இரண்டு பேர் ஒதுங்கிப் போக முடியுமா? முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் இறங்குபவர் ஓரம் ஒதுங்கி நிற்பார், நாளெல்லாம் இதுவே நடக்கும். தேயிலைக்குள் இறங்க இன்னொரு ஒற்றையடிப் பாதை இருந்தால், தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு அதை இறக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படியில் பாசி இருந்தால் செங்கல் பொடியைத் தூவுங்கள், வழுக்காது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்களில் வெயில் படியைத் தொடும்வரை சுமை ஏற்ற வேண்டாம். ஒரு மணி நேரம் போனால் போகட்டும்.

கைமாற்று வரிசை. மாற்றுப் பாதை இல்லை, படியும் குறுகல் என்றால் நடையையே நிறுத்துங்கள். எட்டுப் படிக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும், சாக்கு கைமாறி மேலே போக வேண்டும். இதற்குப் பாதிச் சாக்குகூட அதிகம், கால்வாசிக்குச் சற்று மேலே, 12 கிலோ போதும். அறுபது படிக்கு எட்டுப் பேர் தேவைப்படும். அத்தனை ஆள் தினமும் கிடைக்காது. அதனால் கட்டி வைத்த சாக்கைச் சேர்த்து, வாரத்தில் ஒரு நாள் கான்கிரீட் கும்பல் வரும்போது இந்த வேலையையும் முடித்துவிடுங்கள். காலிச் சாக்கு கீழே வர வேண்டுமே? கட்டாகக் கட்டிக் கடைசியில் ஒரே ஆள் கொண்டுவந்தால் போதும்.

கூலிக் கணக்கு. 20 அடி நீளம், 10 அடி உயரம், முக்கால் அடி தடிமனுள்ள ஒரு செங்கல் சுவர் 150 கன அடி. உடைத்தால் பொங்கி ஏறக்குறைய 225 கன அடி ஆகிவிடும். பாதிச் சாக்கு என்பது 0.6 கன அடி. ஆக ஒரே ஒரு சுவருக்கு 375 நடை. ஏறி இறங்க 5 நிமிடம், ஓய்வு சேர்த்து மணிக்கு 10 நடை, உருப்படியாக 6 மணி நேரம் வேலை என்று வைத்தால் ஒரு ஆளுக்கு நாளைக்கு 60 நடை. அந்தச் சுவரை ஏற்ற 6 ஆள் சம்பளம். இதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுதிக் காட்டுங்கள். இடிப்புக் கூலியை மட்டும் பேசிவிட்டு ஏற்றுக் கூலியை மறந்ததால்தான் பாதிச் சைட்டில் கழிவு தங்கிப்போகிறது. ஆள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் அவர்களுக்குக் கொடுக்க உங்களிடம் பணம் இருந்திருக்காது.

குதிரை. கொடைக்கானல் பக்கம் வேலை செய்யும் ஒரு நண்பர் குதிரையை வைத்து ஏற்றுவார். வெள்ளகவி போல நெடுங்காலம் ரோடு இல்லாமல் குதிரை முதுகிலேயே அரிசியும் சிமெண்டும் போன ஊர்கள் அந்தப் பக்கம் உண்டு, பழக்கிய குதிரையும் ஆளும் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் எனக்கு இது கைகூடவில்லை. செங்குத்தான படியில் குதிரை ஏறாது, சுற்றிப் போகும் பாதை வேண்டும்.

வின்ச். 20 யூனிட்டுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் மோட்டார் வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றிச் சுமையை இழுக்கும் மெஷின்) வாடகைக்கு எடுப்பது கட்டுப்படியாகும். படியின் ஓரமாக இரண்டு ஆங்கிள் இரும்பைத் தண்டவாளம் போலப் போட்டு, அதில் தள்ளுவண்டியை இழுப்பார்கள். சொந்தமாக வெல்டிங் வைத்துச் செய்யக்கூடிய வேலையாகத் தோன்றும், செய்யாதீர்கள். வின்ச்சைச் சில்வர் ஓக் மரத்திலோ கேட் தூணிலோ கட்டியதை நான் பார்த்திருக்கிறேன், தூண் பெயர்ந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். அடித்தளம் போட்டு, பிரேக் சோதித்துக் கொடுக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். ஓடும்போது வண்டிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு உயிர்கூட நிற்கக் கூடாது.

## ஷூட் அடைக்கிறது

வீடு மேலே, ரோடு கீழே இருப்பவர்களுக்கு. ஷூட் என்பது கழிவைச் சறுக்கிக் கீழே இறக்கும் குழாய். அடி வெட்டிய 200 லிட்டர் டிரம்களைச் சங்கிலியில் கோர்த்துச் சரிவில் விட்டிருப்பீர்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அடைக்கும்.

பெரும்பாலும் துண்டு பெரியதாக இருக்கும். டிரம் வாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ள துண்டை விடவே கூடாது. வாயில் இரண்டு கம்பியைக் குறுக்கே வைத்துவிட்டால் பெரியது தானே நின்றுவிடும். அடுத்து, கம்பி நீட்டிய கான்கிரீட்டும் ரீப்பர் கட்டையும். அவை ஷூட்டுக்கு ஆகாது, கையில்தான் இறங்க வேண்டும். மூன்றாவது ஈரம். மழையில் நனைந்த களிமண் டிரம்மின் உட்பக்கம் சட்டிக் கரி போல ஒட்டும். அன்றைக்கு ஷூட்டை மூடிவிட்டுச் சாக்குக்கு மாறுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் அடைத்தால் சரிவு போதவில்லை, 45 டிகிரிக்குக் குறையக் கூடாது. நடுவில் வளைவு இருந்தாலும் இதே கதைதான்.

அடைத்ததும் கீழிருந்து கடப்பாரையால் குத்துவதுதான் எல்லாரும் செய்வது. அடைப்பு விடும்போது மேலே நிற்கும் அத்தனையும் குத்தியவர் தலையில் வரும். மேல் டிரம்மிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். சலிப்பாக இருக்கும்.

## மூன்று லோடு என்று பேசினோம், ஐந்து போயிற்று

லாரிக்காரர் ஏமாற்றினார் என்று முடிவு கட்டும் முன் உங்கள் கணக்கைப் பாருங்கள். சுவராக நின்றபோது அளந்தீர்களா, உடைத்த பிறகு அளந்தீர்களா? செங்கல், கான்கிரீட் உடைந்தால் ஒன்றரை மடங்காகப் பொங்கும். தோண்டிய மண் நூற்றுக்கு 25, 30 கூடும். வெட்டும் முன் 10 யூனிட் என்று அளந்த மண் லாரிக்கு 12.5 முதல் 13 யூனிட்.

அது சரி என்றால் காற்றை ஏற்றுகிறீர்களா என்று பாருங்கள். கதவுச் சட்டம், பிளம்பிங் பைப், தகரம் எல்லாம் அப்படியே உள்ளே கிடந்தால் லோடு பார்வைக்கு நிறைந்துவிடும், எடை பாதிகூட இருக்காது. மரத்தையும் தகரத்தையும் தனியே எடுங்கள், பெரிய கான்கிரீட்டைத் தட்டி அடியில் பரப்புங்கள்.

மூன்றாவது, மழையில் நனைந்த மண். எடை கூடுவதால் டிரைவர் குறைவாகத்தான் ஏற்றுவார். மலைப்பாதையில் பிரேக்கை நம்பி இறங்குகிற மனிதரிடம் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்பது தப்பு. மூடாக்கு போட்டுக் காயவிட்டு ஏற்றுங்கள், லோடு குறையும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கணக்கு ஒத்துவராவிட்டால், வண்டியின் பெட்டியை டேப் வைத்து அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் அடியில் பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட். டிரைவர் எதிரிலேயே, சிரித்துக்கொண்டே அளங்கள்.

## "இந்தக் கழிவை எடுக்க மாட்டேன்" என்கிறார்கள்

முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான்: கலந்துவிட்டீர்கள். செங்கலோடு சாப்பாட்டுப் பொட்டலம், டைல்ஸோடு பெயின்ட் டப்பா, மண்ணோடு பி.வி.சி. பைப். பள்ளம் நிரப்பக் கேட்டிருந்த பக்கத்துச் சைட்காரர் அதைப் பார்த்ததும் கையை விரித்துவிடுவார்.

2016-ல் வந்த மத்திய அரசின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் பெரிய அளவில் கழிவு உண்டாக்குபவர்களை நான்காகப் பிரிக்கச் சொன்னது: கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கலும் காரையும். நாளைக்கு 20 டன் அல்லது ஒரு வேலையில் மாதம் 300 டன் என்று அதற்கு வரம்பு வைத்திருந்தார்கள். நம் ஒரு வீட்டு வேலை அந்த வரம்பைத் தொடாது. ஆனாலும் அந்த நான்கு குவியல் முறையை நான் பிடித்துக்கொண்டேன். சட்டத்துக்காக அல்ல, பிரித்துவிட்டால் பாதிக்கு மேல் சைட்டை விட்டே போக வேண்டியதில்லை என்பதால்.

கருங்கல்லைத் தனியே அடுக்குங்கள், பழைய பங்களாவின் அஸ்திவாரக் கல் தடுப்புச் சுவருக்கு அப்படியே ஆகும். புதுக் கல் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறி வர ஆகும் வாடகையை நினைத்தால் அதைத் தூக்கி எறிய மனம் வராது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் முழுசாகவே கழன்று வரும், தட்டிச் சுத்தம் செய்து காம்பவுண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். சிமெண்டில் கட்டியது உடையும், அது தரைக்கு அடியில் சோலிங் (அடியில் பரப்பும் கல் படுகை) போட. தோண்டும்போது மேலாக வரும் ஒரு அடிக் கரிய மண்ணை மற்ற மண்ணோடு சேர்க்காமல் மூடி வையுங்கள். வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுபவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். கம்பியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொள்வார்.

செய்யக் கூடாதது: ஓடையில் தள்ளுவது. "ராத்திரி ஒரு லோடு, யாருக்குத் தெரியப்போகுது" என்று ஒரு வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். மாட்டேன் என்றேன், வேறு ஆளை வைத்துச் செய்தார். அடுத்த ஐப்பசியில் ரோட்டுக்கு அடியில் போகும் குழாய்ப் பாலம் அடைத்து, தண்ணீர் ரோட்டின் மேலேறி, அவர் கேட் வழியாகவே உள்ளே வந்தது.

எங்கே கொட்டலாம் என்பதை நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கேட்டு வாங்குங்கள். குவியல் சேர்ந்த பிறகு கேட்டால் நீங்கள் கேட்பவராக இருக்க மாட்டீர்கள், பதில் சொல்பவராக இருப்பீர்கள்.

## மழை பெய்ததும் குவியல் நகர்கிறது

மற்றவை எல்லாம் காசு, நாள் சம்பந்தப்பட்டவை. இது உயிர். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குமுன் சரிவில் கிடக்கும் மண் குவியலைப் பார்த்தால் எனக்கு வேலை பாக்கி என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை.

சேறாகத் தண்ணீர் மட்டும் வருகிறது, குவியல் அப்படியே இருக்கிறது. தார்ப்பாய் போட்டிருப்பீர்கள். தார்ப்பாயில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மேல்பக்கச் சரிவிலிருந்து ஓடிவரும் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் நுழையும். குவியலுக்கு மேல்புறம் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை.

அடிப்பக்கம் பிதுங்குகிறது. காலணை, அதாவது குவியலின் அடியில் வைக்கும் தடுப்பு, இல்லை. கருங்கல் இருந்தால் கல், இல்லாவிட்டால் கழிவு நிரப்பிய சாக்கையே செங்கல் கட்டுவது போல மூட்டு மாற்றி மூன்று வரிசை, உட்பக்கம் சாய்த்து அடுக்குங்கள். சிமெண்ட் சாக்கு வெயிலில் சில மாதத்தில் இற்றுப் பொடியாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஜூனில் அடுக்கியதை நம்பி நவம்பரில் தூங்கக் கூடாது.

குவியல் இடுப்புக்கு மேல் இருக்கிறது, அல்லது விளிம்பில் இருக்கிறது. வெட்டிய பள்ளத்தின் விளிம்பிலிருந்தும் சரிவின் விளிம்பிலிருந்தும் குறைந்தது 5 அடி தள்ளித்தான் குவிக்க வேண்டும். இடமில்லை என்பார்கள். இடமில்லாவிட்டால் அன்றன்றைக்கு ஏற்றி அனுப்பும் அளவுக்குத்தான் வெட்ட வேண்டும்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் குவித்திருக்கிறீர்கள். இதை நானே செய்திருக்கிறேன். எட்டடிச் சுவர், பழையது, உறுதியாக இருந்தது. அதன் மேல் சமதளம் வாகாகத் தெரிந்ததால் பத்து நாள் கழிவையும் அங்கேயே குவித்தேன். ஒரு வாரம் தூறல். சுவரின் தண்ணீர்த் துளைகள் வடிவதை நிறுத்தின. நல்லது, காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். துளையின் உள்வாயைக் குவியலிலிருந்து இறங்கிய சேறு அடைத்திருந்தது. இரண்டு நாளில் சுவர் கர்ப்பிணி வயிறு போல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. கீழ்வீட்டு அம்மா காட்டிய பிறகுதான் கண்டேன். சுவர் விழவில்லை, ஆனால் அதைப் பிரித்துக் கட்டிய செலவு அந்த வேலையில் எனக்கு வந்த மொத்த லாபத்தைவிட அதிகம். மழையில் துளை வடியவில்லை என்றால் பயப்பட வேண்டும். கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சினால் குவியலை அன்றே மேல்பக்கத்திலிருந்து குறையுங்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள்: சரிவுக்கு மேலே குறுக்காக ஓடும் நீள விரிசல், தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, மின்கம்பமோ மரமோ சாய்வது, கீழ்வீட்டுக் கதவு நேற்றுவரை மூடியது இன்று சிக்குவது. அந்த நேரத்தில் செய்யும் பெரிய தப்பு, கழிவை அவசரமாக அள்ளச் சொல்வது. இறங்கத் தொடங்கிய குவியலின் அடியில் மண்வெட்டி வைத்தால் அதற்கு இருக்கும் ஒரே பிடிப்பையும் எடுத்துவிடுகிறீர்கள். ஆளைத்தான் நகர்த்த வேண்டும். கீழ்வீட்டில் சொல்லி வெளியே வரச் சொல்லுங்கள். 1077-க்குப் போன் போட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். மழை விட்ட பிறகும் மண் சார்ந்த பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அந்தச் சரிவில் வேலை கிடையாது. 2024 பிப்ரவரியில் லவ்டேல் பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் மண்ணும் சுவரும் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிப்ரவரி, மழைக்காலம்கூட இல்லை. வெட்டிய சரிவின் அடியில் நின்று வேலை செய்யும் சித்தாள்களை நான் இப்போதும் தினமும் பார்க்கிறேன். மேலே பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு ஆளை நிறுத்துங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

## தூசி என்று அக்கம்பக்கத்தில் சண்டை

இடிக்கும் முன் சுவரை நனைத்தீர்களா? பாதி தூசி அடங்கும். ஷூட்டின் வாய்க்கும் கீழ்முனைக்கும் ஈரச் சாக்குத் திரை. கல்லும் கான்கிரீட்டும் அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும், அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. கோடையில் தண்ணீருக்கே லாரி வரும் ஊர் இது என்பது தெரியும், இருந்தாலும் நாளைக்கு இரண்டு டிரம் ஒதுக்குங்கள்.

## கூரையில் பழைய சிமெண்ட் ஷீட்

ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சம்மட்டியால் உடைக்காதீர்கள், ஷூட்டில் விடாதீர்கள், மற்ற கழிவோடு கலக்காதீர்கள். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியே வையுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது. ஏற்கெனவே நொறுங்கிக் கிடக்கிறதா? பெருக்க வேண்டாம், நனைத்து மூடிவிட்டு, இதற்குப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். எங்கே அனுப்புவது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

## எல்லாம் தயார், வண்டிதான் வரவில்லை

ஏப்ரல், மே சீசனா என்று பாருங்கள். குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழியாக மாற்றுவார்கள், கனரக வண்டிக்குப் பகலில் தடை வரும். அந்த ஆறு வாரமும் இடிப்பு வேலையே வைக்காமல் பூச்சு, மின்சாரம், தச்சு என்று உள்வேலைக்கு நகர்த்திவிடுவது என் வழக்கம். வண்டி சிறிதாக இருந்தால் சந்துக்குள் வரும், ஆனால் நடை கூடும். இரண்டுக்கும் வாடகையைக் கேட்டு ஒப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

கடைசியில் எல்லாரும் கேட்பது பொக்லைன். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் மண் அள்ளும் இயந்திரத்தை இயக்க முடியாது. பக்கத்துச் சைட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதே, அரை மணி நேரம் வந்துவிட்டுப் போகட்டும் என்று டிரைவரைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. அவர் அனுமதி அந்த இடத்துக்கு வாங்கியது, உங்கள் இடத்துக்கு அல்ல. விண்ணப்பத்தை வரைபடத்தோடு சேர்த்து முதல் மாதமே கொடுத்துவிடுங்கள். பதில் வரும்வரை பாதிச் சாக்கும் அறுபது படியும்தான்.